ஸ்டாண்டர்ட், ஆப்ஷன், டீலர் ஃபிட்டிங்: பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான கலைச்சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு,

நம் வாகனச் சொற்பட்டியலில் ஸ்டாண்டர்ட் எக்யுப்மென்ட் என்பதற்குத் "தரநிலைக் கருவிகள்" என்றும் ஃபேக்டரி ஆப்ஷனுக்கு (வாங்குபவர் கேட்டால் ஆலையிலேயே பொருத்தித் தருவது) "ஆலை விருப்பக் கருவிகள்" என்றும் இருக்கின்றன. இரண்டையும் மாற்ற வேண்டும்.

தரநிலை என்றதும் ஐ.எஸ்.ஐ. முத்திரைதான் நினைவுக்கு வரும். இங்கே சொல்ல வருவது, அடிப்படை விலைக்குள் அடங்கி வண்டியோடு வருவதை. 1962இல் எம்ஜி நிறுவனத்தின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தபோது இங்கிலாந்தில் ஹீட்டர்கூட அந்த விலைக்குள் இல்லை; தனியாகப் பணம் கட்டியவர்களுக்கே கிடைத்தது. ஹீட்டர் இல்லாத கார் தரம் குறைந்த கார் என்று யாரும் சொல்லவில்லை.

"கருவி"யும் போதாது. டிரையம்ஃப் நிறுவனத்தின் டிஆர்4 காரில் பின் அச்சின் பல் விகிதத்தை 3.7க்குப் பதில் 4.1 என்று கேட்டு வாங்கலாம். அதில் கூடுதலாக எந்தக் கருவியும் வருவதில்லை, இருப்பது வேறு மாதிரி அமைகிறது, அவ்வளவுதான். ஆகவே "அமைவு" என்பதை அடிச்சொல்லாகக் கொண்டு இரண்டுக்கும் முறையே உடனமைவு, தெரிவமைவு என்று முன்மொழிகிறேன். தமிழ்நாட்டில் "தேர்வு" என்றால் பரீட்சை. இலங்கை வழக்கில் உள்ள "தெரிவு" அந்தக் குழப்பம் இல்லாதது.

-----

> உடனமைவு, தெரிவமைவு என்று முன்மொழிகிறேன்.

இரண்டுக்கும் என் ஆதரவு. ஆனால் மூன்றாவது சொல் இல்லாமல் இவை நிற்காது. டீலர் கடையிலோ உரிமையாளர் வீட்டிலோ பின்னால் மாட்டியதை என்னவென்று சொல்வது?

ஆஸ்டின்-ஹீலி 100எம் இதற்குச் சரியான சோதனை. சாதாரண 100இன் 2660 சிசி எஞ்சின் 90 குதிரைத்திறன் தந்தது. லெ மான் கிட் என்ற பெயரில் 1¾ அங்குல எஸ்யூ கார்புரேட்டர் இரண்டு, அதற்கேற்ற இன்லெட் மேனிஃபோல்ட், குளிர்காற்றுப் பெட்டி, வால்வை அதிகம் தூக்கும் கேம்ஷாஃப்ட், பலமான வால்வு ஸ்பிரிங் எல்லாம் விற்றார்கள். மாட்டினால் 100 குதிரைத்திறன் வரும். 1955-56இல் வார்விக்கில் ஹீலி நிறுவனமே இவற்றோடு 8.1:1 அழுத்த விகிதம் தரும் பிஸ்டனையும் போட்டு, 110 குதிரைத்திறனுடன் 640 கார்களை 100எம் என்று விற்றது. பட்டை கட்டிய, காற்றுப்பிளவுகள் உள்ள பானெட் அதன் அடையாளம்.

பிற்பாடு கிட்டை வாங்கி மாட்டிய கார்களும் ஏராளம். பிஸ்டனும் பானெட்டும்கூட வாங்கிப் போடலாம். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கண்ணால் பிரித்தறிய முடியாது. அசல் 100எம்-இன் விலையோ எங்கோ போகிறது. கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், உற்பத்திப் பதிவேட்டைப் பார்த்து ஹெரிடேஜ் சான்றிதழ் தருகிறது. வண்டி எண்ணைக் கொடுத்து அதை வாங்கினால்தான் விஷயம் தெளியும். டீலர் மாட்டியது எதுவும் அந்தப் பதிவேட்டில் இருக்காது. இந்த வகைக்குப் பின்னமைவு எனலாமா?

-----

> பின்னமைவு எனலாமா?

வேண்டாம். கார் பேச்சில் "பின்" என்றால் பின்பக்கம். பின் அச்சு, பின் விளக்கு வரிசையில் இதையும் பின்பக்க அமைப்பு என்றே படிப்பார்கள். புறவமைவு என்போம், உற்பத்தி வரிசைக்குப் புறத்தே நடந்தது என்பது தெளிவாக வரும்.

தெரிவமைவுக்கு முன்னால் "ஆலை" ஒட்டும் வழக்கத்தையும் விட வேண்டும். எம்ஜியின் தாய் நிறுவனமான பிஎம்சியின் ஸ்பெஷல் டியூனிங் பிரிவு, எம்ஜி ஆலை இருந்த அதே அபிங்டனில்தான் இயங்கியது. பாகம் ஆலை வளாகத்திலிருந்தே வந்திருக்கும். ஆனால் வண்டி வரிசையில் நகரும்போது மாட்டியதல்ல, ஆகவே அது புறவமைவுதான். பாகம் எங்கிருந்து வந்தது என்பதை வைத்து வகை பிரித்தால் தவறாகிவிடும். வண்டி ஆலைக் கதவைத் தாண்டும்போது அதில் இருந்ததா என்பதே கேள்வி.

எம்ஜிபி ஓவர்டிரைவுக்கு (வேகமாகப் போகும்போது எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) எஞ்சின் எண்ணே ஒரு தடயம்: தொடக்ககால எண்ணில் 18ஜி-யு-எச் என்றால் ஓவர்டிரைவ் இல்லை, 18ஜி-ஆர்யு-எச் என்றால் உண்டு. எஞ்சினையே மாற்றியிருந்தால் இது உதவாது. கியர்பாக்ஸின் மெயின்ஷாஃப்டே வேறு என்பதால் சாதாரண கியர்பாக்ஸின் பின்னால் ஓவர்டிரைவை அப்படியே மாட்ட முடியாது. பிற்பாடு போட்டவர்கள் முழு கியர்பாக்ஸையும் மாற்றியிருப்பார்கள். ஸ்பீடோமீட்டரை அதற்கேற்ப மாற்ற மறந்தவர்களும் உண்டு. டயலில் சிறிதாக அச்சிட்ட, மைலுக்கு எத்தனை சுற்று என்ற எண் கியர்பாக்ஸோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

-----

புறவமைவுக்கு என் வாக்கும். வயர் வீல் (கம்பிச் சக்கரம்) உதாரணத்தையும் பதிவில் சேர்க்க வேண்டும், அதில் பாதுகாப்புச் சிக்கல் இருப்பதால்.

வயர் வீலைத் தெரிவமைவாகப் பெற்ற எம்ஜிபியில் ஹப்பே, அதாவது சக்கரம் ஏறி உட்காரும் நடுப்பகுதியே, பல்வெட்டு உள்ளது. குழாய் வகைப் பின் அச்சு வந்த பிறகு, வயர் வீல் காருக்கான அச்சு மற்றதைவிடக் குறுகலானது. புறவமைவாகப் போடுபவர்கள் நான்கு ஸ்டட் உள்ள சாதாரண ஹப்பின்மேல் அடாப்டரை முடுக்குகிறார்கள். சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், பின் வளைவின் உள்விளிம்பில் டயர் உரசலாம். ஸ்டட் நுனி நட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் வீல் கூம்பில் முழுதாக உட்காராது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஒற்றை நடு நட் இறுகியதுபோல் தெரிந்தாலும் ஓட ஓடத் தளரும். நுனியை வெட்டி மட்டமாக்க வேண்டும். காரின் இடப்பக்க ஹப்புக்கு வலமரை (வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகுவது), வலப்பக்கத்துக்கு இடமரை. மாற்றிப் போட்டால் ஓட்டமே நட்டைக் கழற்றிவிடும்.

இன்னொன்று: எந்தச் சொல்லானாலும் ஆண்டும் சந்தையும் இல்லாமல் எழுதக் கூடாது. எம்ஜிபியின் ஆயில் கூலர் தொடக்கத்தில் ஏற்றுமதி வண்டிகளில் உடனமைவு, உள்நாட்டில் தெரிவமைவு. 1964 இறுதியில் கிராங்க்ஷாஃப்டை ஐந்து பேரிங் தாங்கும் எஞ்சின் வந்ததும் எல்லாவற்றிலும் உடனமைவு. முன் ஆன்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் தண்டு), 1965இல் வந்த மூடிய கூரை எம்ஜிபி ஜிடியில் முதல் நாளிலிருந்தே உடனமைவு. திறந்த காரில் அடுத்த ஆண்டு இறுதிவரை தெரிவமைவு.

டிஆர்4-ஐ அடுத்து வந்த டிஆர்4ஏ நிலைமை இன்னும் விசித்திரம். தனித்தியங்கும் பின் சஸ்பென்ஷன் பிரிட்டனில் உடனமைவு. அமெரிக்காவில் பழைய திட அச்சே உடனமைவு. புதியது வேண்டுமென்றால் கூடுதல் பணம். வண்டி எண் சிடிசி என்று தொடங்கினால் புதிய சஸ்பென்ஷன், சிடி என்று மட்டும் இருந்தால் திட அச்சு. பட்டியலில் "சந்தை" என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்தால் முதலில் இதை நிரப்பித் தருகிறேன்.