கோவை அரை வறண்ட ஊரா? மழைக் கணக்கு வைத்திருப்பவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். உலகின் ஊர்களை வெப்பம், மழையை வைத்துக் காலநிலை வகைகளாகப் பிரிக்கும் கோப்பென் வகைப்பாட்டில் கோவையைச் சில வரைபடங்கள் அரை வறண்ட பகுதியாகவும், சில வெப்பமண்டல சவானாவாகவும் (மழைக்காலமும் வறண்ட காலமும் தெளிவாகப் பிரிந்த வெப்பப் பகுதி) காட்டுகின்றன. எனக்கும் சென்னை நண்பர் ஒருவருக்கும் இதில்தான் வாதம்.

சூத்திரம் எளிது. ஆண்டுச் சராசரி வெப்பநிலையை 20ஆல் பெருக்கி, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை ஆண்டு மழையில் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் 140ஐக் கூட்ட வேண்டும், வருகிற எண்ணைவிட ஆண்டு மழை மில்லிமீட்டரில் குறைவாக இருந்தால் அது வறண்ட வகை (அரை வறண்டதும் இதில்தான் வரும்). கோவைக்குச் சராசரி 26.5 டிகிரி என்று வைத்தால் 670 வருகிறது. நம் ஊர் மழையும் ஏறக்குறைய அங்கேயேதான் நிற்கிறது, அதனால் எந்த நிலையம், எந்த 30 ஆண்டுகள் என்பதைப் பொறுத்து விடையே மாறிவிடும்.

பீளமேடு விமான நிலையம், வேளாண் பல்கலைக்கழகம் இரண்டின் 1991-2020 மாதவாரி மழை அளவு யாரிடமாவது இருக்கிறதா? பேரூர், சிறுவாணி பக்கம் வீட்டில் மழைமானி வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள், மலையை ஒட்டிப் போகப் போக மழை கூடுவதால் ஊர் முழுவதற்கும் ஒரே பெயர் பொருந்தாது என்பது என் எண்ணம்.

அப்புறம், ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றும் சாரலும்தான் எனக்கு உயிர். நண்பருக்கோ நவம்பர் அடைமழை. உங்களுக்கு எது?