புதுப்பிப்பு: 7,000 ரூபாய் ஆடிட்டர் ஆபீஸ் வேலை, சேர்ந்த பிறகு நடந்தது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பி.காம் முடித்துவிட்டு, கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் மாதம் 7,000 ரூபாய்க்குச் சேரலாமா, நல்ல சம்பளம் வரும்வரை காத்திருக்கலாமா என்று கேட்டிருந்தேன். சேர்ந்தேன்.

"போம்மா, ஆனா பைல் அடுக்குறதோட நின்னுடாதே, ரிட்டர்ன் போடுற வேலையைக் கேட்டு வாங்கு" என்று ஒரு அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது. 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்), 20க்குள் 3பி (வரி கட்டும் மாத ரிட்டர்ன்) என்று ஆபீஸே பரபரக்கும் நாட்களில் நானாகப் போய் உட்கார்ந்து, 14ஆம் தேதி வரும் 2பியோடு (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) கொள்முதல் பில்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கப் பழகினேன். சப்ளையர் ஏற்றாத பில்லுக்கு உள்ளீட்டு வரி (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) கிடைக்காது, அதனால் போன் போட்டுக் கேட்பதும் என் வேலையானது.

எதிர்பாராதது இதுதான்: விண்ணப்பித்த இடம் எதுவும் கூப்பிடவில்லை, அடிக்கடி பில் கேட்டு நான் போன் போட்ட மன்னார்குடி பக்கத்து ரைஸ் மில் முதலாளி கூப்பிட்டார். 26 கிலோ சிப்பத்துக்கு வரி உண்டா என்று கேட்டார். 2022 ஜூலை 18 முதல் லேபிள் ஒட்டிய 25 கிலோ வரைக்கும்தான் 5 சதவீதம், 26க்குக் கிடையாது என்றேன். அங்கேயே வேலை தந்தார், இப்போது சம்பளம் 16,000.

ஆனால் என்னோடு படித்தவள் ஏறக்குறைய அதே சம்பளத்துக்கு ஜவுளிக்கடை பில்லிங்கில் சேர்ந்தாள், வேறெதையும் தொட விடவில்லை, இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள். அதனால் சேருமுன் என்ன வேலை தருவார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம், மில் எங்கள் ஆபீஸ் கிளையன்ட் என்பதால் ஆடிட்டர் சாரிடம் முதலிலேயே சொல்லி, அந்த மாத 3பி எல்லாம் போட்டு முடித்துத்தான் கிளம்பினேன்.