சொப்பு யாருக்கு, பம்பரம் யாருக்கு? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தாமிரபரணிக்காரி:

போன மாதம் அம்பாசமுத்திரம் போயிருந்தேன். மரச் சொப்பு சாமானுக்குப் பேர்போன ஊர். கடைசல் பட்டறை ஒன்றில் அரை மணி நேரம் நின்று வேடிக்கை பார்த்தேன். மரத்துண்டு சுழல்கிறது, உளியை வைத்ததும் சீவல் சீவலாகப் பறக்கிறது. உருவம் வந்ததும் சுழற்சியை நிறுத்தாமலே அரக்குக் குச்சியை அழுத்துகிறார். உரசுகிற சூட்டில் இளகி நிறம் ஏறிக்கொள்கிறது. என் கண் முன்னால் ஒரே கட்டையிலிருந்து முதலில் ஒரு குட்டி உரல் வந்தது, அடுத்து ஒரு பம்பரம். இரண்டுக்கும் அதே சிவப்பு.

கடைக்கு வந்தால் அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி: "பையனுக்காம்மா, பொம்பளப் புள்ளைக்கா?"

"பையனுக்குத்தான். சொப்பு ஒரு செட்டு கொடுங்க."

"பையனுக்குப் பம்பரம்லா நல்லாருக்கும்?"

"அவன் கேட்டதே சொப்புதான் அண்ணாச்சி."

சொப்பைக் கட்டிக் கொடுத்தார். காசு வாங்காமல் ஒரு பம்பரத்தையும் பைக்குள் போட்டுவிட்டார். பிரியமான மனுஷர். பிரியமாக இருப்பவர்கள்தான் இதைச் செய்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்கு நன்றாக உறைத்தது.

என் ஆச்சியும் அப்படித்தான். எனக்கு ஆறு வயதில் ஓலைப்பெட்டி நிறையச் சொப்பு கொடுத்தாள். அம்மி, ஆட்டுக்கல், திருகை, குடம், அடுப்பு எல்லாம் உண்டு. அண்ணனுக்குப் பம்பரம். எனக்கும் ஒரு தரம் சாட்டை சுற்றிக் கொடு என்று கேட்டால், "நீ போய் சோறு பொங்கு" என்பான். நான் மணலைக் களைந்து பொங்கி வைத்தால், "போற வீட்டுல எங்க பேரைக் காப்பாத்திருவா" என்று ஆச்சி கன்னத்தைக் கிள்ளுவாள். அமெரிக்காவில் 1992இல் வந்த பேசும் பார்பி, "கணக்கு வகுப்பு கஷ்டம்" என்றதாம். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டார்கள். நம் மரச் சொப்பு வாய் திறப்பதில்லை. ஆச்சிதான் அதற்காகப் பேசினாள், அதை எடுக்கச் சொல்லி யார் கேட்பது?

இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் அவள் பக்கத்தில். வீட்டிலிருந்து அண்ணன் போன் செய்தான். "கடுகு எந்த டப்பால இருக்கு?" பத்து நிமிடம் கழித்து மறுபடியும், "அரிசிக்குத் தண்ணி எவ்வளவு?" நாற்பத்து நாலு வயது ஆள், குரல் கம்மிப்போய்க் கேட்கிறான். எனக்குக் கோபமே வரவில்லை. அவனுக்கு யாரும் அந்த ஓலைப்பெட்டியைத் திறந்து காட்டவில்லையே என்றுதான் இருந்தது.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

காவிரிக்கரை:

என் அப்பா கல்யாண சமையல் மாஸ்டர். ஆயிரம் இலைக்கு சாம்பார் இறக்குவார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தே உப்பு சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர்தான், அக்காவோடு திண்ணையில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்த என் கையிலிருந்து அடுப்பைப் பிடுங்கினார். "ஆம்பளப் பையனுக்கு என்னடா இது?" அடிக்கவில்லை. ஆனால் திண்ணையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், அது இன்னும் காதில் இருக்கிறது.

வெகுகாலம் எனக்கு இது புரியவில்லை. மண்டபத்தில் கரண்டி பிடித்தால் அது தொழில், கூலி உண்டு, மாஸ்டர் என்று மரியாதை உண்டு. வீட்டில் பிடித்தால் அது பொம்பளை வேலை. வீட்டில் அவர் தண்ணீர்கூட மொண்டு குடித்ததில்லை. சொப்பு அவருக்கு வீட்டு அடுப்பாகத்தான் தெரிந்திருக்கிறது.

இப்போது என் இரண்டு பிள்ளைகளுக்கும் காலைச் சமையல் நான்தான். போன தீபாவளிக்கு அப்பா வந்திருந்தபோது, வாசல்படியில் சாய்ந்து நான் ரசம் வைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கிட்டே வந்து உள்ளங்கையை நீட்டினார். ஒரு சொட்டு விட்டேன். "புளி கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாப்பிடும்போது இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

தமிழய்யா:

தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாக வைத்து, வளர்கிற பருவம் பருவமாகப் பாடுவது பிள்ளைத்தமிழ். அதில் கடைசி மூன்று பருவங்கள் மட்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். வருடா வருடம் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவேன். சிற்றில் பருவத்தில் பெண்பிள்ளைகள் மணலில் வீடு கட்டுவார்கள், பாட்டின் தலைவனான ஆண்பிள்ளை காலால் சிதைக்க வருவான், சிதைக்காதே என்று கெஞ்சுவார்கள். ஒரு வருடம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "அவனும் கூட உக்காந்து கட்டுற மாதிரி ஒரு பாட்டும் இல்லையாய்யா?" என்றாள். பாட்டின் அழகில் எனக்கு இன்றும் மயக்கம் உண்டு. ஆனால் அவள் கேட்ட பிறகு, அந்தப் பருவத்தை நடத்தும்போது ஒரு நிமிடம் நிறுத்தி வகுப்பையே பேசவிடுகிறேன்.

பால்வாடி டீச்சர்:

எங்கள் மையத்தில் எல்லாப் பொம்மைக்கும் ஒரே பெட்டி. கவிழ்த்துக் கொட்டினால் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று வயசில் எந்தப் பேதமும் கிடையாது. நாலரை, ஐந்து ஆகும்போதுதான் "அது பொண்ணுங்க பொம்மை டீச்சர்" என்று வந்து சொல்கிறார்கள். ஒரு நாள் கூப்பிட வந்த அப்பா ஒருவர், மகன் பொம்மையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து முகம் சுளித்தார். "இதெல்லாம் பழக்காதீங்க டீச்சர்." "உங்க வீட்டுல தங்கச்சிப் பாப்பா பொறந்திருக்குல்ல, நீங்க தூங்க வைக்கிறதைப் பார்த்துத்தான் செய்றான்" என்றேன். மனுஷர் பேசவில்லை. பையன் "உஷ்" என்று அப்பாவைப் பார்த்து விரலை வாயில் வைத்தான். பொம்மை தூங்கும்வரை அவரும் நின்றார்.

தாமிரபரணிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. காவிரிக்கரை எழுதியதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், அண்ணாச்சி சும்மா கொடுத்த பம்பரத்தைக் கேட்டு வாங்கி, என் மகனுக்கும் எனக்கும் சாட்டை சுற்றக் காட்டிக்கொடுத்தான். ஆணியிலிருந்து ஆரம்பித்து இறுக்கமாகச் சுற்ற வேண்டுமாம், சுண்டுகிற நேரத்தில் மணிக்கட்டை வெட்டி இழுக்க வேண்டுமாம். எனக்குப் பத்துப் பன்னிரண்டு தரம் உருண்டு ஓடியது. அப்புறம் ஒரு தரம் நின்றது. மகன் சொப்பு டம்ளரில் எங்கள் இருவருக்கும் காப்பி கொண்டு வந்தான்.