அக்கரையிலிருந்து வந்து இந்தக் கரையில் குடியேறியவர்கள்: அனுபவப் பகிர்வு

இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை பெற்று, எழுபதுகளின் நடுவில் இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்கள் குடும்பம் இங்கு வந்தது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய எங்களை மண்டபம் முகாமில் தங்கவைத்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில், தோட்டங்களுக்குப் போகும் கூலிகளைத் தொற்றுநோய்க்குப் பயந்து அடைத்துவைத்துப் பரிசோதித்த அதே முகாம் அது என்பதும், என் பாட்டனார் அந்த வழியாகத்தான் அக்கரைக்குப் போயிருக்க வேண்டும் என்பதும் பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது. உடன் வந்தவர்களில் பலர் நீலகிரிக்குத் தேயிலை வேலைக்கே போய்விட, என் தந்தையார் மட்டும் பாட்டனாரின் சொந்த ஊருக்குத்தான் போவது என்று பிடிவாதமாக நின்றார்.

அந்தச் சொந்த ஊரில் எங்களை எதிர்பார்த்து ஒருவரும் இருக்கவில்லை. பெரியப்பா முறையுள்ள ஒருவர் திண்ணையில் உட்காரவைத்து வயிறாரச் சோறு போட்டார், சாப்பிட்டுக் கை கழுவியதும், "எத்தனை நாளைக்கு இருக்கிறதா உத்தேசம்?" என்று கேட்டார். மழையை நம்பி விதைக்கும் கொஞ்சம் நிலத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறோமோ என்ற அச்சம் அவருக்கு. இரண்டு தலைமுறையாக முகம் காட்டாதவர்கள் மூட்டை முடிச்சோடு வந்து நின்றால் எவருக்கும் அப்படித்தான் தோன்றும் என்பதால், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் தாயாருக்கு இன்றுவரை அந்த வருத்தம் போகவில்லை என்பது வேறு விஷயம்.

எங்களைத் திணறடித்தது தண்ணீர். லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில், பீலி என்ற நீர்க்குழாயில் இரவு பகலாக ஓடும் நீரில் குளித்து வளர்ந்த எங்களுக்கு, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டிக் குடிநீர் எடுப்பார்கள் என்பது நம்பவே முடியாததாக இருந்தது. அதைக் கற்றுக்கொடுத்தவர் உறவுக்காரர் அல்லர். கடற்பாசி எடுக்கப் போகும் ஒரு மீனவப் பெண்மணி. முழங்கால் ஆழத்துக்குச் சற்று அதிகமாக மணலை வழித்து, ஓரம் சரியாமல் கையால் தட்டிவிட்டு, அடியில் கசிந்து தேங்கும் நீரைக் கலங்காமல் சிரட்டையால் மொண்டு, துணியில் வடித்துக் குடத்தில் ஊற்றுவார். அவசரப்பட்டு என் தாயார் இன்னும் ஆழமாகத் தோண்டியபோது, "வேணாம் தங்கச்சி, உப்பு ஏறிக்கிடும். ஒரு குடம் எடுத்தா ஒதுங்கி உக்காரு, ஊறட்டும்" என்று தடுத்தார். மணலில் இறங்கிய மழைநீர் கனமான உப்புநீரின்மேல் மெல்லிய அடுக்காக நிற்பதால், ஆழம் போனாலும் வேகமாக இறைத்தாலும் கீழேயுள்ள உப்பு மேலே வந்துவிடும் என்ற காரணத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, எனக்கு அது பழைய பாடமாக இருந்தது. எடுத்து முடித்ததும் ஆடு மாடு இறங்காதபடி ஊற்றை முள் வைத்து மூடவேண்டும் என்பதும் அவர் சொல்லித்தந்ததே.

அரசு கொடுத்த தொழில் கடனில் வைத்த பெட்டிக்கடை நிலைக்கவில்லை. தந்தையாருக்குக் கைகொடுத்தது தோட்டத்தில் தேயிலைச் செடிகளை வெட்டிவிடப் பழகிய கவ்வாத்துக் கத்திதான். சீமைக்கருவேல மரம் வெட்டும் கூட்டத்தில் சேர்ந்து, கரிமூட்டம் போடவும் பழகிக்கொண்டார். அடுக்கிய விறகின்மேல் செத்தை போட்டு மண் பூசித் தீ வைத்தபின், வெடிப்பு விழுந்து காற்று புகாமல் இரவெல்லாம் காவல் இருக்கவேண்டும். கொஞ்சம் கண் அயர்ந்தால் கரி சாம்பலாகிவிடும். வெள்ளைப் புகை குறைந்து நீலம் தட்டும்போது காற்றை முழுதாக அடைத்து ஆறவிடுவார்கள். அந்தக் காவல் இரவுகளில்தான் ஊர் ஆண்கள் அவரோடு மனம்விட்டுப் பேசத் தொடங்கினார்கள்.

பிறகு ஒரு பங்குனியில், அம்மன் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வாங்கும் தலைக்கட்டு வரி கேட்டு ஊர்ப் பெரியவர்கள் எங்கள் குடிசை வாசலுக்கு வந்தார்கள். வரி வாங்கினால் ஊராரில் ஒருவர் என்றாகிவிடும் என்பதால், பெரியப்பா தயங்கினார் என்றும், மூட்டத்தில் உடன் இருந்தவர்கள்தான் வாதாடினார்கள் என்றும் கேள்விப்பட்டோம். வீட்டில் அரிசிக்கே தட்டுப்பாடாக இருந்த அந்த மாதத்தில், தந்தையார் கடன் வாங்கி அந்த வரியைக் கட்டினார். அரசாங்கம் கொடுத்த சான்றிதழைத் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தவர், ஊர் கொடுத்த ரசீதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தார்.

மண்டபத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

நாங்கள் 1990இல் போர் மீண்டும் மூண்டபோது மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். எங்களைப் படகோட்டி மணல்திட்டு ஒன்றில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட, இந்தக் கரையின் மீனவர்கள்தான் கண்டு ஏற்றிவந்து கஞ்சி கொடுத்தார்கள். மேலே எழுதியவரைப் போலன்றி, எங்களுக்கு மணலும் பனையும் கச்சான் என்ற தென்மேற்குக் காற்றும் பிறந்த வீட்டுச் சரக்கு. புதிதாகக் கற்கவேண்டியிருந்தது கடலின் முறைகளைத்தான். பாக்கு நீரிணைப் பக்கம் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாட்கள் என்ற ஏற்பாட்டை நான் ஊரில் கண்டதில்லை. கச்சான் பலத்துத் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது வடகடலான பாக்கு நீரிணைப் பக்கத்துக்கு மாறிக்கொள்ளும் வசதியும் எனக்குப் புதிது. சொந்தப் படகு வைக்க வழியில்லாத அகதி என்பதால், மற்றவர் படகில் பங்குக்குப் போனேன். முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் கரையில் இருந்தாக வேண்டும் என்பதை அறிந்து, அந்த நாளில் எனக்குப் பதில் தன் மகனைக் கூட்டிப்போய், பங்கை மட்டும் குறைக்காமல் கொடுத்த படகுக்காரரை நான் மறக்கமாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும்: எங்களிடம் எந்த ஊரும் தலைக்கட்டு வரி கேட்டதில்லை. முகாமில் இருப்பவரை ஊர்க்கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

இந்தக் கரையிலேயே பிறந்த ஓர் உறுப்பினர்:

முதல் பதிவில் ஒரு சிறு திருத்தம். ஊற்றை மூட முள் மட்டும் போதாது, ஓலையும் போடவேண்டும். இல்லையென்றால் காற்று மணலை அள்ளி நிரப்பிவிடும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும், குழாய் வராத நாட்களில் என் தாயார் ஊற்றுக்குத்தான் போகிறார். பிறர் தோண்டிய ஊற்றில் கேட்காமல் மொள்ளக்கூடாது என்பதையும் புதிதாக வருபவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. கேட்டால் இல்லை என்று சொல்பவர் எங்கள் பக்கத்தில் குறைவு. மண்டபத்து அண்ணன் சொன்ன தலைக்கட்டு விஷயத்தை எங்கள் ஊர்க் கூட்டத்தில் நான் கேட்டுப்பார்க்கிறேன். முகாமுக்கு வெளியே வாடகைக்கு இருக்கும் இரண்டு குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.