மடிப்பாக்கத்தில் பூச்சி தின்னும் செடிகளுக்கு ஒரு சதுப்புப் பாத்தி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆறடிக்கு நாலடி இடத்தில் சதுப்புப் பாத்தி ஒன்று இருக்கிறது. செடிகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருப்பீர்கள். நான் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். சென்னையில் இந்தச் செடிகளை வெயிலைவிட போர்த் தண்ணீர்தான் அதிகம் கொல்கிறது.

எங்கள் போர்த் தண்ணீரில் மீட்டரை வைத்தால் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, ஆயிரத்தைத் தாண்டும். இவற்றுக்கு 50க்குள் இருக்க வேண்டும். சத்தே இல்லாத, அமிலத்தன்மையுள்ள ஈர மண்ணில் பழகிய வேர்கள். உப்போ உரமோ பட்டால் கருகிவிடும். மண்ணில் கிடைக்காத தழைச்சத்துக்காகத்தான் பூச்சி பிடிப்பதே. "பள்ளிக்கரணைய பக்கத்துல வெச்சுக்கிட்டு சதுப்பு மண்ணுக்கா அலையறீங்க?" என்று ஒரு நண்பர் கேட்டார். அந்தச் சதுப்புநிலத்துச் சேறு வேறு ரகம். உப்பும் சத்தும் நிறைந்தது, கோரைக்கு ஏற்றது, இவற்றுக்கு ஆகாது. தவிர 2022 முதல் அது ராம்சர் இடம் (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்), அங்கே மண் அள்ளும் பேச்சே கூடாது.

வழக்கமாகக் குழி தோண்டச் சொல்வார்கள். எங்கள் தெருவில் அடைமழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பதால் நான் தரைக்கு மேலே ஹாலோ பிளாக் அடுக்கிக் கட்டினேன். உள்ளே பழைய சாக்கு, அதன்மேல் குளத்துக்குப் போடும் கறுப்பு ஷீட். ஷீட்டைக் கல்லின் மேல்விளிம்பு தாண்டி வெளியே மடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மழையில் சிமென்ட்டின் சுண்ணாம்பு கரைந்து உள்ளே இறங்கும். மேலிருந்து நாலு அங்குலம் கீழே பக்கவாட்டில் ஓர் ஓட்டை, மிச்சத் தண்ணீர் வெளியேற. அடியில் தயிர் பக்கெட்டுகளை ஓட்டை போட்டுக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அவை தண்ணீரைத் தேக்கி வைக்கும், மேலே நிரப்பும் பீட் மாஸும் (மக்கிய சதுப்புப் பாசி) அந்த அளவுக்கு மிச்சம். மூலையில் ஒரு பிவிசி பைப் நிற்கிறது. அதில் குச்சியை விட்டு நீர்மட்டம் பார்ப்பேன்.

மேலே பீட் மாஸ் ஒரு பங்கு, கழுவிய சிலிக்கா மணல் ஒரு பங்கு. பீட் மாஸ் இறக்குமதிச் சரக்கு, விலை கையைக் கடிக்கும். கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) மலிவுதான், ஆனால் அதிலுள்ள உப்பைக் கழுவி மாளாது. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். இன்னொன்று, காய்ந்த பீட் மாஸ் தண்ணீரைக் குடிக்காது, மேலேயே மிதக்கும். அண்டாவில் கொட்டிக் கையால் பிசைந்துகொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் சட்டென்று கனத்து உள்ளே அமுங்கும். அப்புறம்தான் பாத்தியில் போட வேண்டும்.

சரி, தண்ணீர். சென்னைக்கு வருஷத்தில் ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை, பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். 100 சதுர அடித் தகரக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் பெய்தாலே 90 லிட்டர். கார் ஷெட்டுத் தண்ணீரை மூடிய டேங்கில் பிடிக்கிறேன். மொட்டைமாடித் தண்ணீரைத் தொடுவதில்லை, தளத்தின் சுண்ணாம்பு கலந்துவிடும். டேங்க் காலியாகும் சித்திரை, வைகாசிக்கு ஏசி தண்ணீர் இருக்கவே இருக்கிறது. ஓர் இரவு ஓடினால் பக்கெட் நிறையும், மீட்டரிலும் 20ஐத் தாண்டியதில்லை. ஏசி சர்வீஸ் செய்த கையோடு வரும் தண்ணீரை மட்டும் கொட்டிவிடுங்கள், அதில் சோப்பு இருக்கும்.

செடிகளில் நம்ம ஊர் அழுகண்ணிக்குத்தான் முதல் இடம். ட்ரோசெரா பர்மானி என்பார்கள். ஒரு ரூபாய் நாணய அகலம்தான். ஓரத்து மயிரிழையை எறும்பு மிதித்ததும் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மடங்கி, எறும்பை இலையின் நடுவுக்குத் தள்ளிவிடும். பூத்துக் காய்ந்தாலும் கவலையில்லை, விதை சிதறித் தானே முளைக்கும். நெப்பந்தஸ் குடுவைச் செடிக்கு வேர் நனைந்தே இருப்பது பிடிக்காது. அதைத் தனித் தொட்டியில் பாத்திக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறேன்.

அந்தக் குடுவையால் ஒரு கூத்து நடந்தது. வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வரும் அம்மா ஒருவர் பின்பக்கம் வந்தார். பாத்தியில் விரலால் அழுத்திப் பார்த்தார். ஈரம்தான், மேலே தண்ணீர் நிற்கவில்லை. சரி என்று திரும்பியவர் குடுவைகளைப் பார்த்துவிட்டார். "இதுக்குள்ள தண்ணி நிக்குதே சார்?" செல்போன் வெளிச்சத்தை அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். "எறும்புதான் சார் செத்துக் கிடக்கு, புழு இல்ல." அதோடு போகவில்லை. தெருவில் நின்றிருந்த இன்னொரு அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினார். இப்போது எங்கள் தெருவுக்கு வந்தால் குடுவையில் என்ன விழுந்திருக்கிறது என்று கேட்காமல் போவதில்லை.

*வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர்:*
சார், தரைக்கு மேலே கட்டினீர்களே, அதுதான் சரி. என்னுடையது குழி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சாக்கடை கலந்த தெருத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. வடிந்த பிறகு பார்த்தால் அழுகண்ணி ஒன்றுகூட இல்லை. மண்ணை மாற்றச் செலவாகும் என்று மழைத் தண்ணீரை ஊற்றி ஊற்றி வடித்தேன். மீட்டர் இறங்கியதும், எங்கே ஒளிந்திருந்த விதைகளோ, மறுபடி முளைத்தன. பாசியும் சேர்ந்துதான்.

*அண்ணா நகரிலிருந்து:*
இலையை மூடிப் பூச்சி பிடிக்கும் வீனஸ் ஃப்ளைட்ராப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே அண்ணா? அதன் சொந்த ஊர் அமெரிக்காவின் கரோலினா, குளிரில் மூன்று நாலு மாதம் தூங்க வேண்டும். நம்ம தை மாதமே 20 டிகிரி! மார்கழி பிறந்ததும் கிழங்கைப் பிடுங்கி, ஈரப் பாசியில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு ஃப்ரிட்ஜின் காய்கறி டப்பாவில் வைக்கிறேன். பார்க்கச் சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும். மாமியார் சாம்பாருக்கு உரிக்க உட்கார்ந்துவிட்டார். இப்போது கவர்மேல் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

*தாம்பரத்திலிருந்து:*
ஆன்லைனில் நீலம், ஊதா நிறத்தில் ஃப்ளைட்ராப் விதை என்று விற்கிறார்கள். வாங்காதீர்கள், அப்படி ஒரு செடியே கிடையாது. எனக்கு வந்தது ஏதோ கீரை விதை. சார், ஒரு சந்தேகம். கோடையில் பத்து நாள் ஊருக்குப் போனால் பாத்தி காயாதா?

*மடிப்பாக்கத்திலிருந்து என் பதில்:*
காயும். மேலே பச்சை வலை கட்டினாலும் மே மாதம் நீர்மட்டம் வேகமாக இறங்கும். டேங்கிலிருந்து ட்யூப் இழுத்து, பைப்புக்குப் பக்கத்தில் சின்ன ஃப்ளோட் வால்வு போட்டிருக்கிறேன். ஏர் கூலருக்குப் போடுகிற அதே வால்வுதான். வேலை செய்கிறது. டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பக்கத்து வீட்டில் சாவி கொடுக்கிறவர்கள் "செடிக்குத் தண்ணி ஊத்துங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர்கள் போர் குழாயைத்தான் திறப்பார்கள்.