இல்லியன் பைப்ஸ்: மூடி வாசிப்பதா, திறந்து வாசிப்பதா?

துருத்தி:
அயர்லாந்தின் இல்லியன் பைப்ஸ் (வாயால் ஊதாமல் கையிடுக்குத் துருத்தியால் காற்று நிரப்பும் பைக்குழல்) என்று பேச்செடுத்தாலே, திறந்து வாசித்த கலைஞர் ஜானி டோரனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கருவியின் அசல் வித்தை மூடி வாசிப்பதுதான். மெட்டு வாசிக்கும் சான்டர் குழலின் அடிவாயைத் தொடையில் கட்டிய தோல்துண்டின்மேல் அழுத்தி, எல்லாத் துளைகளையும் விரலால் அடைத்தால் குழல் சட்டென்று மௌனமாகிவிடும். சுரத்துக்குச் சுரம் நடுவே இப்படி ஒரு கணம் அடைத்துத் திறந்தால், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெறிக்கும். அமெரிக்காவில் பாட்சி டூஹி என்ற கலைஞர் அந்தக்கால மெழுகு உருளையில் பதிந்தவற்றைக் கேளுங்கள். வேறெந்தப் பைப்பில் இது நடக்கும்?

நாடோடி:
இங்கிலாந்தின் நார்தம்பிரியா சிறு பைப்பில் நடக்கும். அதில் அடிவாய் எப்போதுமே அடைத்துத்தான் இருக்கும். ஆகவே அந்த வாதம் நிற்காது, அண்ணே. டோரன் கேரவனில் ஊர் ஊராகப் போய்ச் சந்தையிலும் விளையாட்டு மைதானத்து வாசலிலும் வாசித்த மனிதர். அந்தக் கூச்சலில் பொடிப்பொடியாக வாசித்தால் யார் காதில் விழும்? விரல்களைத் திறந்துவிட்டு, சுரங்களை ஒன்றோடொன்று இழைத்து, மணிக்கட்டால், கூட்டுச்சுரம் எழுப்பும் ரெகுலேட்டர் குழல்களின் கட்டைகளைத் தட்டிக்கொண்டே போவார். 1947-இல் டப்ளினில் பதிவான கொஞ்சம்தான் நமக்கு மிச்சம். 1948-இல் கேரவன்மேல் சுவர் இடிந்து விழுந்து படுத்தவர், 1950-இல் போய்விட்டார்.

துருத்தி:
பாவம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூச்சலுக்காகச் செய்துகொண்ட ஏற்பாட்டை மரபு என்று எப்படிச் சொல்வது? டூஹியும் மேடையில் வாசித்துப் பிழைத்தவர்தானே, அவர் விரலை விட்டுக்கொடுக்கவில்லையே.

நாடோடி:
அரங்கத்துக்குள் காசு கொடுத்து உட்கார்ந்தவர்களும் சந்தையில் மாடு பிடிக்க வந்தவர்களும் ஒன்றா? சரி, பைப்ஸ் கலைஞர் வில்லி கிளான்சியை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்? டோரனைக் கேட்டுத்தான் அவர் பைப்ஸ் பக்கமே வந்தார். பிறகு லியோ ரோசம் என்ற ஆசிரியரிடமும் கற்றார். அவர் வாசிப்பில் மூடியதும் உண்டு, இழைத்ததும் உண்டு. அவர் பெயரில் அயர்லாந்தின் மில்டவுன் மால்பே ஊரில் 1973 முதல் கோடைப்பள்ளி நடக்கிறது, அங்கே இரண்டு கட்சிக்காரர்களும் வருகிறார்கள். 2017-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியதும் 'இல்லியன் பைப்ஸ் வாசிப்பு' என்றுதான், 'மூடி வாசிப்பு' என்றல்ல!

புதுசு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பை, துருத்தி, சான்டர் மட்டும் உள்ள பிராக்டிஸ் செட் வாங்கப்போகிறேன். எதில் தொடங்குவது?

துருத்தி:
மூடி வாசிப்பதில் தொடங்குங்கள். திறந்து வாசிக்க விரலைத் தளர்த்தினால் போதும், பிறகு இறுக்குவதுதான் பாடு.

நாடோடி:
தம்பி, அதற்கும் முன்னால் முழங்கை இருக்கிறது. ஒரு கை துருத்தியை ஊத, மறு கை பையைச் சீராக அழுத்தப் பழகுங்கள். அழுத்தம் ஆடினால் மேல் ஸ்தாயி கிறீச்சிடும், எந்தப் பாணியும் எடுபடாது. ஒத்துக் குழல், ரெகுலேட்டர் எல்லாம் அப்புறம். ஹீட்டர் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், சீவாளி காய்ந்துவிடும்.

துருத்தி:
சீவாளி விஷயத்தில் அவர் சொல்வது சரி. டோரன் விஷயத்தில் இல்லை.