அளவுசார் ஆய்வா, பண்புசார் ஆய்வா? தேடும்போது சறுக்கும் இடங்கள்

கல்லூரியில் உளவியல் கட்டுரைகளுக்கான தரவுத்தளமான சைக்இன்ஃபோ இருந்தால் அட்வான்ஸ்டு சர்ச் பக்கத்திலேயே தொடங்குங்கள். கீழே ‘மெத்தடாலஜி’ என்று ஒரு பட்டியல் இருக்கும். குவாலிடேட்டிவ் (பண்புசார்), குவான்டிடேட்டிவ் (அளவுசார்) இரண்டும் அதில் தனித்தனியாக உண்டு. அதை விட்டுவிட்டுத் தேடல் பெட்டியில் ‘குவாலிடேட்டிவ்’ என்று மட்டும் அடித்தால், சுருக்கத்தில் ‘குவாலிடேட்டிவ்லி டிஃபரன்ட்’ என்று எழுதிய மூளை ஸ்கேன் ஆய்வும் வந்து நிற்கும். பொருளுக்கான சொல்லைத் தெசாரஸில், அதாவது அந்தத் தளத்தின் சொற்பட்டியலில், பார்த்து எடுங்கள். நாம் எக்ஸாம் பயம் என்பது அங்கே ‘டெஸ்ட் ஆங்சைட்டி’.

•

அந்த மெத்தடாலஜி ஃபில்டரில் ஓர் ஓட்டை இருக்கு. எந்த வகை ஆய்வுன்னு முத்திரை குத்துறது கட்டுரை தளத்துக்குள்ளே வந்த பிறகுதான். சுடச்சுட வந்தது சிக்காமப் போகலாம். அதனால ஃபில்டர் இல்லாமலும் ஒரு தடவை ஓட்டுங்க: பண்புசார் முறைகளின் பெயர்களான தீமேட்டிக் அனாலிசிஸ், கிரவுண்டட் தியரி, ஃபோகஸ் குரூப், மூணையும் ‘ஆர்’ போட்டுச் சேர்த்து, முழு வரிசைக்கும் அடைப்புக்குறி போடணும். மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட்டிலும் இதே கதைதான். அங்கே கட்டுரைக்குப் போடுற பொருள் சொற்பட்டியல்தான் மெஷ். ‘குவாலிடேட்டிவ் ரிசர்ச்’ங்கிற மெஷ் சொல்லே 2003லதான் வந்தது, மெஷ் சொல்லே ஏறாத கட்டுரைகளும் அங்கே நிறைய.

‘இன்டர்வியூ’வைத் தனியா நம்பாதீங்க. நோயை உறுதிப்படுத்தக் கேட்கிற கட்டமைக்கப்பட்ட மருத்துவ நேர்காணலும் இன்டர்வியூதான், ஆனா அதிலிருந்து வர்றது பெரும்பாலும் எண்.

•

அளவுசார் ஆய்வுக்குச் சுருக்குவழி, அளவுகோலின் பெயரைத் தேடுவது. தேர்வுப் பதற்றம் என்றால் உளவியலாளர் ஸ்பீல்பெர்கரின் 1980 கேள்வித்தாளான டெஸ்ட் ஆங்சைட்டி இன்வென்டரி. சைக்இன்ஃபோவில் ‘டெஸ்ட்ஸ் அண்ட் மெஷர்ஸ்’ என்று தனிப் புலமே இருக்கிறது. கூகுள் ஸ்காலரில் ஆய்வுமுறை ஃபில்டர் கிடையாது, ஒரு தேடலுக்கு 1000 முடிவுகளுக்கு மேல் காட்டாது, சொல்லின் வாலை வெட்டி நட்சத்திரக்குறி போடுவதும் வேலை செய்யாது. கிடைத்த நல்ல கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களைப் பிடிக்க மட்டும் அது நல்லது.

•

கட்டுரை கைக்கு வந்ததும் நேரே முடிவுகள் பகுதிக்குப் போங்க. கருப்பொருளும் பங்கேற்பாளர் பேச்சும் நிறைஞ்சிருந்தா பண்புசார். சராசரி, திட்டவிலக்கம், பி மதிப்பு இருந்தா அளவுசார். திறந்த கேள்விக்கு வந்த பதில்களை வகைப்படுத்தி, எண்ணி, சதவீதமா மட்டும் கொடுத்திருந்தா ‘குவாலிடேட்டிவ்’னு சமர்ப்பிக்காதீங்க, வைவாவில் மாட்டிக்குவீங்க. ஆள் கணக்கும் ஏமாத்தும்: நாலே பேரை வைத்து, ஒவ்வொருவரையும் திரும்பத் திரும்ப அளந்து செய்த ஒற்றை நபர் சோதனை வடிவமைப்பு அளவுசார்தான்.